ஒன்பதாம் பாட்டுக்குப் பிறகு

"மூச்சுன்னு போட்டிருக்கியேடா, மூச்சுன்னு—"

"ஐலா, அது மரியாதைக்குப் போட்டது, நீ முதல்ல முழுசா—"

"என்ன முழுசா? அட்டையில என் பேரு, பக்கத்துல 'மூச்சு'. ஆஸ்பத்திரில கட்டில் தலைமாட்டுல மாட்டற சீட்டு மாதிரி—"

"உன் துருத்திச் சத்தம்தான் இந்த ஆல்பத்துக்கே உயிர்னு செவெரி சொல்றான், நீ என்னடான்னா—"

"ரெண்டு நாள் உக்காந்து வாசிச்சேன். ஒரு சுரம், ஒரே ஒரு சுரம் விட்டு வெச்சிருக்கியா நீ?"

ரௌனோ ஜன்னல் பக்கம் திரும்பி, நாற்பது கிலோமீட்டராக மாறாமல் வந்துகொண்டிருக்கும் பைன் மரங்களை முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்தான்.

வேனை ஓட்டியது நான். புது ஆல்பத்தின் மாதிரி அட்டையை அவன் மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். பின் இருக்கையில் டிரம்ஸ்காரன் தூங்குவது போல நடித்தான். முப்பத்தொரு வருஷமாக எங்கள் சண்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டவன். நடிப்பில் நல்ல தேர்ச்சி.

ரௌனோ ஹியெத்தலாவை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. பதினாலு ஆல்பம். பதினாலு அட்டையிலும் ஒரே மாதிரி வெளிர்நீலக் கோட்டு, வாய் நிறையப் பல். காதலி போனாள், படகு போனது, கோடை போனது. இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் போனதாக அவன் பாடியதில்லை. ஜனங்களும் குறை சொன்னதில்லை, அவர்கள் வந்தது ஆட. கோடை முழுக்க ஏரிக்கரைகளில் இருக்கிற ஆட்டக் கொட்டகைகளில் வாரம் நாலு நாள் டாங்கோவும் வால்ட்ஸும் ஃபாக்ஸ்டிராட்டும் போடுவோம். அவன் குரல், என் அக்கார்டியன். அவன் பாட்டு நடுவில் வரியை மறந்தால் நான் துருத்தியை நீளமாக இழுத்து மூடிவிடுவேன். ஒருவருக்கும் தெரியாது.

ஐம்பத்தெட்டு வயதில் அவனுக்கு ஞானம் பிறந்தது. அதற்குக் காரணம் ஒரு ரேடியோக்காரி. அவள் ஒரு கொட்டகை வாசலில் மைக்கை நீட்டி, ரௌனோவின் பாட்டில் உங்களுக்குப் பிடித்த வரி எது என்று இருபது பேரிடம் கேட்டாள். இருபது பேரும் யோசித்தார்கள். ஆடுவதற்கு நன்றாக இருக்கும் என்று இருபது பேரும் சொன்னார்கள். ஒரு பெண்மணி, தரை வழுவழுப்பாக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னாள். அது ஒலிபரப்பானபோது நாங்கள் வேனில் கேட்டோம். நான் சிரித்தேன். அவன் ரேடியோவை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, "முப்பது வருஷமா ஒருத்தன்கூடக் கேக்கலையா ஐலா?" என்றான். நான் அப்போது சிரித்திருக்கக் கூடாதோ என்னவோ.

அதன் பிறகு மூன்று குளிர்காலம் தலைநகர் ஹெல்சிங்கியில் செவெரி என்பவனின் நிலவறை ஒலிப்பதிவுக் கூடத்தில் போய் உட்கார்ந்தான். செவெரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அறைக்குள்ளேயும் கம்பளித் தொப்பி போடுகிறவன், ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காகப் புது இசை தேடுகிறவன். இரண்டு பேரும் சேர்ந்து 'ரேந்தா' என்று ஒரு ஆல்பம் செய்தார்கள். பனியும் இல்லாமல் மழையும் இல்லாமல் அக்டோபரில் காலருக்குள் இறங்குமே, அந்த ரேந்தா. நாட்டிலேயே ஒருவருக்கும் பிடிக்காத ஒரே பொருளைத் தேடிப்பிடித்துத் தலைப்பாக வைத்திருக்கிறாய் என்று நான் சொன்னேன். அதுதான் கருத்தே என்றான். ஆல்பத்தில் தாளம் கிடையாது. டிரம்ஸ் கிடையாது. ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடுகிற சத்தம் உண்டு, ரௌனோ வீட்டு ஃபிரிஜ் உறுமுகிற சத்தம் உண்டு, என் அக்கார்டியனில் சுரத்தையெல்லாம் வெட்டிவிட்டுத் துருத்தியின் காற்றுச் சத்தம் மட்டும் உண்டு. அவற்றுக்கு மேலே அவன் தன் அப்பாவைப் பற்றியும், அவர் பேசாமல் கழித்த வருஷங்களைப் பற்றியும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தில் பாடுவது போலப் பாடுகிறான். அட்டையில் அவன் முதுகு. பதினாலு தடவை பல்லைக் காட்டியவன் பதினைந்தாவதில் முதுகைக் காட்டுகிறான்.

ஒன்பது பாட்டு. ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம்.

நல்ல பாட்டா என்று கேட்டால், எனக்குக் கோபம் என்பதால் என் பதிலை நம்ப வேண்டாம். வேனில் தனியாக இரண்டு தடவை கேட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

கம்பெனிக்குத் தயக்கம். ஒரே ஒரு தடவை ஜனங்கள் முன்னால் பாடிக் காட்டட்டும், செவெரி பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்று தீர்மானித்திருந்தார்கள். ஜனம் ஏற்றுக்கொண்டால் செப்டம்பரில் வெளியீடு, பிறகு பெரிய ஊர்களில் நாற்காலி போட்ட அரங்குகளில் கச்சேரி, நாலு வயலின்காரர்களுடன். ஏற்காவிட்டால் மேசை இழுப்பறை. ரௌனோவுக்கு உயிர் போகிற விஷயம். எனக்கும்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து. நாற்காலி போட்ட அரங்கில் எங்களுக்கு வேலை இல்லை. என் மூச்சுக்கும் வேலை இல்லை, அதை ஏற்கெனவே பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டார்கள்.

சோதனைக்கு அவன் தேர்ந்தெடுத்த இடம் கோய்வுரந்தா கொட்டகை. ஞாயிறு மத்தியான ஆட்டம். ஏனென்று கேட்டேன். நம் ஜனம் ஏற்றுக்கொண்டால்தான் அது ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்றான். அதைக் கேட்டு என் கோபம் பாதி இறங்கிவிட்டது. உடனே அட்டை ஞாபகம் வந்து சரியாகிவிட்டது.

கோய்வுரந்தாவை நடத்துகிற தைமி, கார் நிறுத்துமிடத்திலேயே எங்களை மறித்தாள். ஆட வந்த ஜனத்தை உட்கார வைத்துப் பாட்டுக் கேட்க வைப்பது, குளிக்க வந்தவனுக்குச் சோப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவது போல என்றாள். ரௌனோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். கடைசியில் மூன்று மணியிலிருந்து நாலு மணி வரை விட்டுக்கொடுத்தாள். அதற்கு முன்னாலும் பின்னாலும் வழக்கமான ஆட்டம். நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் ஒலிபெருக்கியில் தானே பாடிவிடுவதாகச் சொன்னாள். அவள் பாடி நான் கேட்டிருக்கிறேன். அது பெரிய மிரட்டல்தான்.

இரண்டு மணிக்கெல்லாம் எண்பது தொண்ணூறு பேர் வந்துவிட்டார்கள். ஆண்கள் வியர்த்தால் போட்டுக்கொள்ள மாற்றுச் சட்டைகளை ஹேங்கரோடு கொண்டுவந்து சுவர் ஆணிகளில் மாட்டினார்கள். பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பு மாற்றினார்கள். ஒரு மணி நேரம் பழைய பாட்டுகளைப் போட்டோம், தரை அதிர்ந்தது. செவெரி மேடை ஓரத்தில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையை விட்டுத் தலை தூக்காமல் இருந்தான். அவனுக்கு ஆட்டக் கொட்டகை இதுதான் முதல் தடவை. வந்ததும் என்னிடம், இவ்வளவு சட்டைகள் எதற்கு, விற்பனைக்கா என்று கேட்டான்.

மூன்று மணிக்கு ரௌனோ மைக் முன்னால் வந்தான். கோட்டைக் கழற்றியிருந்தான். இன்றைக்குப் புதிதாக ஒன்று பாடப் போகிறேன், ஆட வேண்டாம், கேட்டால் போதும் என்றான். கண்ணை மூடினான். அதுவும் புது பாணி. பழைய ரௌனோ முதல் வரிசைப் பெண்களில் ஒருத்தியை விடாமல் பார்த்துத்தான் பாடுவான். புது ரௌனோ ஒன்பது பாட்டு முடியும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

திறந்திருந்தால் நான் இந்தக் கதையை எழுத வேண்டியிருக்காது.

முதல் பாட்டில் ஃபிரிஜ் உறுமியது. ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. எங்கள் சாவோ மாகாணத்து ஜனத்திடம் ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால், அது செய்யக்கூடாததாகவும் இருக்கலாம், செய்யக்கூடியதாகவும் இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு ஓய்வுபெற்ற குழாய்க்காரர் எழுந்து, தரையைக் குறுக்கே கடந்து, ஒரு பெண்மணி முன்னால் தலை குனிந்தார். அவள் எழுந்தாள். இரண்டு பேரும் ஃபிரிஜின் உறுமலில் எங்கோ ஒரு ஃபாக்ஸ்டிராட்டைக் கண்டுபிடித்து மெதுவாக நகர ஆரம்பித்தார்கள். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் பத்து ஜோடி. மூன்றாவதில் தரை நிறைந்துவிட்டது. பனிக்கட்டி விரிசல் விடும் இடத்தில் ஒரு சுழற்சி போட்டார்கள். அந்தச் சத்தங்களை மடிக்கணினியிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்த செவெரி திரையை விட்டுத் தலை தூக்கவே இல்லை. டிரம்ஸ்காரன் வேலையில்லாமல் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவன், பார்த்துவிட்டு எனக்குக் கண்ணால் காட்டினான். நான் துருத்தியை இழுத்து மூடினேன். இழுத்து மூடினேன். அதுதான் என் பாகம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கொட்டகைகளில் ஒருவரை ஆட அழைத்தால் இரண்டு பாட்டுக்கு. ஒன்று இல்லை, மூன்று இல்லை. முதல் பாட்டு முடிந்ததும் பிரியக்கூடாது, கை தட்டக்கூடாது. பிடித்த பிடியில் நின்று அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது முடிந்த பிறகுதான் ஆண் அந்தப் பெண்ணை அவள் பெஞ்சு வரை கொண்டுபோய் விட்டு நன்றி சொல்லுவான். ஒரே பாட்டோடு விட்டுவிட்டுப் போவது என்றால் முகத்தில் அடித்த மாதிரி. 1986இல் ஒரு மாட்டு டாக்டர் அப்படிப் போனார். அவருடைய அடக்கத்துக்குப் பிறகு காபி குடிக்கும்போதுகூட அதைத்தான் பேசினார்கள்.

ஆக, ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி. மூன்றும் நாலும் ஒரு ஜோடி. இப்படியே எட்டு வரை. எட்டு முடிந்ததும் எல்லோரும் பெஞ்சுக்குத் திரும்பி, நன்றி சொல்லி, ஜோடி மாற்றினார்கள். ரௌனோ கண் மூடியபடி ஒன்பதாவதை ஆரம்பித்தான்.

அது அவன் அப்பாவின் கையுறைகளைப் பற்றிய பாட்டு. ஆல்பத்தில் அதுதான் கடைசி. சிலர் பின்னால் சாஸேஜ் சுடும் இடத்துக்கு நழுவியிருந்தார்கள், மற்றவர்கள் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். பன்றி வளர்க்கிற உர்போ தனியாக நின்றான். எதிர்ப்பக்கம் பெஞ்சில் மிஞ்சியிருந்தது கெர்த்து, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இருவரும் பதினாலு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கியவர்கள். ஒவ்வொரு ஞாயிறும் இதே கொட்டகைக்கு வந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆடுவது அவர்கள் வழக்கம். அதற்கு நல்ல உழைப்பு வேண்டும், தரை அவ்வளவு பெரியதில்லை. இப்போது வேறு வழியில்லாமல் உர்போ தலை குனிந்தான். வேறு வழியில்லாமல் அவள் எழுந்தாள். ஒரு பெட்டி முட்டையைச் சுமப்பது போல அவன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

பாட்டின் கடைசி ஒரு நிமிஷம் வெறும் துருத்தி. இழுத்தேன், மூடினேன். கடைசியாக மூடியபோது கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை.

ரௌனோ கண்ணைத் திறந்தான்.

எண்பது பேர் அவன் முன்னால் அசையாமல் நின்றிருந்தார்கள். ஒரு கை தட்டவில்லை. ஒரு கால் நகரவில்லை. ஜன்னலில் வெயில். யாரோ ஒருவர் கழுத்தில் கொசு உட்கார்ந்தது, அதைக்கூட அடிக்கவில்லை, அடித்தால் பிடி விட்டுப்போகும். செவெரி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்தான். அவனும் பார்த்தான். அவன் வாய் திறந்திருந்தது.

அவர்கள் பத்தாவது பாட்டுக்காக நின்றார்கள்.

எனக்கு உடனே தெரிந்தது. டிரம்ஸ்காரனுக்குத் தெரிந்தது, அவன் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான், தாள் சிரிப்பில் குலுங்கியது. ரௌனோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் இரண்டு இரண்டாகப் பாடியவன். ஆனால் மூன்று குளிர்காலம் நிலவறையில் இருந்து கலைஞனாகிவிட்டவனுக்கு எண்ணிக்கை மறந்துபோயிருந்தது. அவன் பார்த்தது வேறு.

என் விரல் கட்டைகள் மேல் இருந்தது. ஒரு டாங்கோவின் முதல் நாலு சுரம் போதும், அத்தனை பேரும் விடுதலை. தைமி மேடை ஓரத்திலிருந்து வாசி வாசி என்று கையால் காட்டினாள். நான் வாசிக்கவில்லை. அட்டையில் மூச்சு என்றுதானே போட்டிருக்கிறது. மூச்சுக்காரி எதற்கு டாங்கோ வாசிக்க வேண்டும்?

ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. ரௌனோ தாழக் குனிந்து வணங்கினான், மேடைக்குப் பின்னால் போனான். ஜனம் அப்போதும் நின்றது. இடைவேளை என்று யாரும் சொல்லவில்லையே. கடைசியில் தைமி மைக்கைப் பிடுங்கி, சாஸேஜ் கருகுகிறது, காபி ஆறுகிறது, சாப்பிட விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றாள். முணுமுணுப்போடு கலைந்தார்கள். அப்போதும் முறை தவறவில்லை. ஒவ்வொரு ஆணும் பெண்ணைப் பெஞ்சில் கொண்டுபோய் விட்டுத்தான் போனான்.

நான் வாரைக் கழற்றுவதற்குள் உர்போ மேடைக்கு வந்துவிட்டான்.

"மிச்சம் ஒண்ணு எங்க?" என்றான்.

இன்றைக்கு அவ்வளவுதான் என்றேன். இடுப்பு எலும்பு மாற்றி எட்டு மாசம்தான் ஆகிறது, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு எவ்வளவு நேரம் நிற்பது, அதுவும் யாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன் தெரியுமா என்று நியாயம் கேட்டான். பார்த்தேன் என்றேன். நாலு மணி ஆட்டத்தில் இரட்டையாகப் போட்டுச் சரிசெய்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, கடுகுச் சாந்து தீர்வதற்குள் போக வேண்டும் என்று நொண்டிக்கொண்டே போனான்.

அவன் போகும் வரை கெர்த்து தண்ணீர் மேசைப் பக்கம் நின்றிருந்தாள். பிறகு வந்தாள். அவளும் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்து, மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் அக்கார்டியனைப் பார்த்தபடி, அந்தக் கையுறைப் பாட்டு யாருடைய அப்பாவைப் பற்றி என்று கேட்டாள். ரௌனோவின் அப்பா என்றேன். ஒரு வரியைத் திருப்பிச் சொன்னாள். தப்பில்லாமல் சொன்னாள். 'காயப் போட்ட கையுறைகள் எனக்குக் கை நீட்டின, நீ நீட்டவில்லை' என்கிற வரி.

"எல்லாரும் ரெண்டாவதுக்கு நின்னாங்க, ஐலா," என்றாள். "எனக்குப் பாட்டு முடிஞ்சது தெரியும். இனி இல்லன்னும் தெரியும். எட்டுக்கு அப்பறம் ஒண்ணுதான் இருக்குன்னு வாசல்ல ஒட்டியிருந்த சீட்டுல படிச்சேன். தெரிஞ்சேதான் நின்னேன்."

நான் அக்கார்டியனைத் தோளிலிருந்து இறக்கி வைத்தேன்.

"இத யார்கிட்டயாவது சொன்ன, வேன் டயர்ல காத்து இருக்காது. நான் பஸ் ஓட்டினவ. எப்படி எடுக்கறதுன்னு தெரியும்." மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஒரு கண்ணாடியும் ஒரு பீர்ப் பெட்டியும்தான் உண்டு. ரௌனோ பீர்ப் பெட்டி மேல் உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்திருந்தான். என் காலடி கேட்டு நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் முகம் இருபது வயது குறைந்திருந்தது.

"பாத்தியா?"

பார்த்தேன் என்றேன்.

"ஒருத்தன் அசையல ஐலா. முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவை. கேட்டாங்க." மறுபடி துண்டை எடுத்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அட்டை விஷயத்தில் தான் செய்தது தப்பு என்றும், புதிதாக அச்சடிக்கும்போது என் பெயரைத் தன் பெயர் அளவுக்குப் பெரிதாகப் போடச் சொல்வதாகவும் சொன்னான். மூச்சு என்பதையும் பெரிதாகவா என்று கேட்டேன். ஆமாம், அதையும்தான் என்றான், பெருந்தன்மையோடு.

அந்தப் பெருந்தன்மைதான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒன்பது ஒத்தப்படைடா," என்றேன்.

"அதுக்கு?"

"ரெண்டு ரெண்டா எண்ணு."

அவன் சிரித்துக்கொண்டே விரலை மடக்கினான். ஒன்று, இரண்டு. மூன்று, நாலு. அடுத்த கைக்குப் போய் எட்டைத் தாண்டியபோது சிரிப்பு நின்றது. ஜோடியில்லாமல் நின்ற ஒன்பதாவது விரலைப் பார்த்தான். அந்த விரலை மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"ஆடினாங்களா?"

"எட்டுக்கும்."

"ஃபிரிஜ் பாட்டுக்குமா?"

"அதுக்குத்தான் நல்லா ஆடினாங்க."

அவன் துண்டை மடித்தான். நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ரேடியோவை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசாமல் வந்த அன்றைக்குப் பார்த்த அதே பிடரி. கெர்த்து சொன்னது என் நாக்கு நுனிக்கு வந்தது. அவளுக்குக் கொடுக்காத வாக்கு ஒன்று என்னைத் தடுத்தது என்று சொன்னால் பொய். டயரும் இல்லை. ஒருத்தி கேட்டாள் என்று சொன்னால், எண்பதில் ஒருத்தியா என்று கேட்பான். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கதவு திறந்தது.

செவெரி. தொப்பியைக் கழற்றியிருந்தான், அவனுக்கு முடி உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. கையில் தைமி கொடுத்த சாஸேஜ், பாதி கடித்தது, கடுகுச் சாந்து சட்டைக்கை வரை வழிந்திருந்தது. கம்பெனிக்குப் போன் செய்து பேசிவிட்டானாம். ஹெல்சிங்கி ஜனம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும்போது இருமும், போனை நோண்டும், பாட்டு முடிவதற்குள் கோட்டைத் தேடும், தான் பத்து வருஷமாகப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். இப்படி ஒரு மௌனத்தைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை, நிற்கிறவர்கள்கூட ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதைச் சொல்லும்போது போனில் அந்தப் பக்கம் இருந்த அம்மாள் அழுதுவிட்டாள் என்றான்.

செப்டம்பரில் வெளியீடு. முடிவாகிவிட்டது.

ரௌனோ எழுந்து நின்றான். முகத்தில் எதுவும் இல்லை. அவன் உடம்பு மட்டும் நன்றி சொன்னது, பழக்கத்தால்.

ஆனால் அரங்கு வேண்டாம் என்றான் செவெரி. வயலினும் வேண்டாம். நாற்காலி இருந்தால் இது செத்துவிடும். கொட்டகைகள்தான். தைமியிடம் பட்டியல் வாங்கிவிட்டானாம், முப்பத்தெட்டு கொட்டகை, அடுத்த கோடை முழுக்க. முன்னால் ஒரு மணி நேரம் பழைய ஆட்டம், நடுவில் ரேந்தா, பின்னால் மறுபடி ஆட்டம், இன்றைக்கு நடந்தபடியே. ஒன்றையும் மாற்றக்கூடாது. அதே டிரம்ஸ், அதே வரிசை, அதே ஒன்பது பாட்டு. ஐலாவை மேடை நடுவில் உட்கார வைக்க வேண்டும். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், பல்லிடுக்கில் கடுகுச் சாந்து.

அரங்கில் கேட்டால் வார்த்தை தெளிவாகப் போய்ச் சேருமே என்று ரௌனோ மெதுவாக ஆரம்பித்தான். செவெரி மறுத்துத் தலையாட்டினான். இவர்களுக்குப் போய்ச் சேராததா அங்கே சேரப் போகிறது என்றான். கொட்டகை ஜனம் வேறு காரணத்துக்காகக்கூட நின்றிருக்கலாம் என்று ரௌனோ சொன்னான், ஒவ்வொரு வார்த்தையாக. செவெரி சிரித்துவிட்டு, கலைஞர்கள் எல்லோரும் இப்படித்தான், தங்களுக்கு நடந்த நல்லதை நம்ப மாட்டார்கள் என்றான்.

வெளியே தைமி ஒலிபெருக்கியில், நாலு மணி ஆயிற்று, பாட்டுக்காரர்கள் செத்துவிட்டார்களா என்று கேட்டாள். நான் அக்கார்டியனை எடுத்து வாரைத் தோளில் போட்டேன். துருத்தி தானாகக் கொஞ்சம் திறந்து மூடியது.

ரௌனோ செவெரியைப் பார்த்தான். அவன் கையில் இருந்த பட்டியலைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"ஐலா, அவங்க எதுக்கு நின்னாங்கன்னு நீ சொல்லு இவன்கிட்ட."